விலை பேசுமுன் வீட்டைப் பரிசோதியுங்கள்: யாழ்ப்பாணத்தில் வாங்குவோருக்கும் விற்போருக்கும்

யாழ்ப்பாணத்தில் வீடொன்று கைமாறும்போது காணி உறுதியை எவரும் அசட்டையாகப் பார்ப்பதில்லை. நொத்தாரிசு காணிப் பதிவகத்தில் 30 வருடப் பதிவுகளைத் தேடுவார். நில அளவையாளர் பரப்பு, குழி என்ற நில அளவுகளில் பிசகாமல் அளப்பார். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமைப்படி முதலில் வாங்கும் உரிமையுள்ள பங்காளிகள் உண்டா என்றும் விசாரிக்கப்படும். அந்தக் காணியில் நிற்கும் வீட்டையோ தரகருடன் அரை மணி நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு விலை பேசிவிடுகிறோம். மாரியில் சுவரில் ஓதம் ஏறும்போது உறுதி ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும்.

வீட்டைப் பரிசோதிப்பதையே தனித் தொழிலாகச் செய்வோர் நம்மிடையே அரிது என்பதால், அனுபவமுள்ள சிவில் பொறியியலாளர் ஒருவரையோ தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவரையோ கூலி கொடுத்து அமர்த்துவதே வழி. அவர் தரகர் கொண்டுவந்தவராகவோ அந்த வீட்டைத் திருத்திய மேசனாகவோ இருக்கக் கூடாது. வங்கிக் கடனுக்காக எடுக்கப்படும் மதிப்பீட்டு அறிக்கை போதும் என்று பலர் எண்ணுகிறார்கள். அது சொத்தின் பெறுமதியைச் சொல்வதற்காக எழுதப்படுவது. மதிப்பீட்டாளர் கூரைக்குள் ஏறி வளைகளைத் தட்டிப் பார்ப்பார் என்று எதிர்பார்க்க முடியாது.

பார்ப்பதற்கு ஏற்ற காலம் மாரி முடிந்த கையோடு வரும் வாரங்கள். அப்போது ஓதத்தின் தடம் சுவரில் இருக்கும். கோடையில் புதிதாக வர்ணம் பூசிய வீட்டைப் பார்க்க நேர்ந்தால், அலுமாரிகளுக்குப் பின்னாலும் சுவரின் அடிப்பகுதியிலும் உப்புப் பூத்திருக்கிறதா என்று கவனிக்கச் சொல்லுங்கள். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய கல்வீடுகளுக்குப் பின்னாளில் சீமெந்து பூசப்பட்டிருந்தால், சுவருக்குள் ஏறிய ஈரம் வெளியேற வழியின்றித் தங்கிவிடும். நடுவே முற்றம் உள்ள நாற்சார் வீடென்றால் முற்றத்து மழைநீர்ப் பீலியும், பனை வளைகள் சுவருக்குள் நுழையும் முனைகளுமே முதலில் பார்க்கவேண்டிய இடங்கள். வெளியே வைரமாகத் தெரியும் வளையின் முனையில் ஸ்க்ரூட்ரைவரை அழுத்தினால், கறையான் தின்ற இடத்தில் அது தடையின்றி உள்ளே போகும்.

கொங்கிறீற்று வீடுகளில் அச்சம் கறள்தான். கரையோரப் பகுதிகளிலும் தீவுகளிலும் உவர் நீரில் குழைத்த கலவையோ கழுவாத கடல் மணலோ கம்பியை அரித்துவிடும். கொங்கிறீற்றுத் தட்டின் அடியில் கம்பி ஓடும் நேர்கோட்டிலேயே பழுப்புக் கறையும் வெடிப்பும் தெரிந்தால், பூசி மறைப்பது திருத்தமாகாது. பூச்சில் விழும் மயிரிழை வெடிப்புக்கு அஞ்சவேண்டியதில்லை. யன்னல் மூலையிலிருந்து சரிவாக ஏறி, சுவரின் மறுபக்கத்திலும் தெரியும் வெடிப்புக்குக் காரணம் கேட்டாக வேண்டும். வலிகாமம் வடக்கு போன்ற இடங்களில் இடப்பெயர்வால் பல்லாண்டுகள் கூரையின்றி மழையில் நின்ற சுவர்களின் மேல் புதுக் கூரை போடப்பட்ட வீடுகளும் உண்டு. அங்கே பழைய சுவரின் பலத்தைத் தனியே கேட்டறிவது அவசியம்.

எல்லாவற்றிலும் கூடுதல் நேரம் கொடுக்கவேண்டியது கிணற்றுக்கு. குடாநாட்டின் அடியில் கிடப்பது சுண்ணாம்புக்கல். நிலாவரைக் கிணற்றைப் பார்த்தவர்களுக்கு அதன் உட்குடைவு புரியும். இந்தக் கல்லின் பிளவுகளால் மலக்குழிக் கழிவும் தோட்டத்து உரமும் வடிபடாமலே கிணற்றை அடைகின்றன. கிணற்றுக்கும் குழிக்கும் இடையே குறைந்தது 50 அடி வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. இரண்டு பரப்பு அளவுக்குத் துண்டாடப்பட்ட காணியில் அது கிடைப்பது அரிது. ஆகவே அயல் வளவுக் குழி எங்கே இருக்கிறது என்பதையும் கேட்டு அளக்கவேண்டும். தண்ணீரை ஆய்வுகூடத்துக்குக் கொடுத்து நைத்திரேற்று, உவர்த்தன்மை, மலக்கிருமி ஆகியவற்றைச் சோதியுங்கள். குடிநீரில் நைத்திரேற்றுக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். நைத்திரேற்று நிறத்திலோ சுவையிலோ தெரியாது, கொதிக்க வைத்தாலும் போகாது; புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளுக்குத்தான் பேராபத்து. சுன்னாகத்தைச் சூழ்ந்த பகுதிகளில் எண்ணெய்ச் சோதனையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கு நிலத்தடி நீர் எண்ணெயால் மாசடைந்தது தொடர்பாக உயர் நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது.

மின்னிணைப்பில் ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை அழுத்தியதும் அது விழுகிறதா, எர்த் கம்பி உண்மையில் நிலத்துக்குப் போகிறதா என்பவற்றையாவது பார்க்கவேண்டும்.

விற்பவர்கள் இந்தப் பரிசோதனையைத் தாமே முன்கூட்டிச் செய்விப்பது நல்லது. உடைந்த ஓடு, அடைபட்ட பீலி போன்றவை சிறு செலவில் தீரும். தீராதவற்றைப் படங்களோடும் திகதியோடும் எழுதி வைத்தால், விலை பேசும் இறுதி நேரத்தில் ஒரு வெடிப்பைக் காட்டி இலட்சக்கணக்கில் குறைக்கச் சொல்லும் பேச்சுக்கு இடமிராது.

முற்பணம் கொடுக்குமுன் அறிக்கை கையில் இருப்பதே சிறப்பு. அதற்கு அவகாசமில்லையென்றால், பரிசோதனையில் பெருங்குறை தெரியவந்தால் முற்பணம் திரும்பத் தரப்படும் என்ற நிபந்தனையை ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி காணி விற்பனை ஒப்பந்தம் நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்படவேண்டும். வெறும் பற்றுச்சீட்டை நம்பவேண்டாம். கனடாவிலோ லண்டனிலோ இருந்து வாங்குபவர்கள், உறவினர் கைத்தொலைபேசியில் காட்டும் முற்றத்தோடு நிறைவடையாமல், கூரையின் உட்புறம், தட்டின் அடிப்பக்கம், கிணறு, குழி ஆகியவற்றின் படங்களுடன் பொறியியலாளரின் அறிக்கையை நேரடியாகத் தம்மிடமே வரவழைத்து, அதைப் படித்த பின்னரே தம் சார்பில் கையொப்பமிட அதிகாரம் பெற்ற அற்றோணித் தத்துவக்காரரைக் கையொப்பமிடச் சொல்லவேண்டும்.