பல மொழி பேசும் ஊரில் தொற்றுக்காலப் பணி: மதுரைத் தன்னார்வலர்களுக்கு ஒரு வழிகாட்டி

தமிழ்நாட்டில் கொரோனாவால் நேர்ந்த முதல் மரணம் 2020 மார்ச் 25 அன்று மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் பதிவாயிற்று. நாடு தழுவிய ஊரடங்கு தொடங்கியதும் அன்றுதான். அடுத்து வந்த மாதங்களில் உதவிக்குப் புறப்பட்ட இளைஞர் மன்றங்களுக்கும் குடியிருப்போர் சங்கங்களுக்கும் மனமும் பணமும் ஓரளவு இருந்தன. இரண்டு தெரு தள்ளி வேறு மொழி பேசிக்கொண்டு யார் வாழ்கிறார்கள், அவர்களிடம் யார் வழியாகப் பேசுவது என்பதுதான் பலருக்குத் தெரியவில்லை. அந்த அறிமுகத்தை நோய் வந்த பிறகு தேட முடியாது என்பதால், இங்கே சொல்லப்படும் வேலைகளில் பாதி நோயில்லாத நாட்களில் செய்ய வேண்டியவை.

மாநகராட்சியின் நூறு வார்டுகளையும் எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் வார்டையும் அதை ஒட்டிய பகுதியையும் மட்டும் பாருங்கள். திருமலை நாயக்கர் மகாலைச் சுற்றியுள்ள தெருக்களிலும் நிலையூர் கைத்தறி நகரிலும் வீட்டுக்குள் சௌராஷ்டிரம் பேசும் நெசவாளர் குடும்பங்கள் உண்டு. காஜிமார் தெரு, கோரிப்பாளையம் போன்ற இடங்களில் தமிழ் பேசும் முஸ்லிம்களோடு உருது பேசுவோரும் இருக்கிறார்கள். நகைப்பட்டறைகளில் வங்காளிகளும், கட்டட வேலைகளிலும் ஓட்டல்களிலும் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் இளைஞர்களும் வேலை செய்கிறார்கள். சக்கிமங்கலத்தில் நரிக்குறவர் குடியிருப்பும், ஆனையூர், உச்சப்பட்டி, திருவாதவூர் ஆகிய ஊர்களில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களும் உள்ளன. நகரைத் துப்புரவு செய்வோரில் பல குடும்பங்களின் வீட்டுமொழி தெலுங்கு. இவர்களில் எந்தக் குழு எங்கே இருக்கிறது, எத்தனை வீடுகள், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிப்பறை தனியா பொதுவா என்று ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கழிப்பறை பொதுவாக இருந்தால் ‘வீட்டிலேயே தனித்திருங்கள்’ என்னும் அறிவுரைக்கு அங்கே பொருளில்லை. அத்தகைய இடத்தில் காய்ச்சல் கண்டவரை அரசின் சிகிச்சை மையத்துக்கு விரைவில் அனுப்பி வைப்பதே வழி.

ஒவ்வொரு குழுவிலிருந்தும் குறைந்தது இருவருடைய எண்ணை வாங்கி வையுங்கள். தலைவர் ஒருவரோடு நின்றுவிடுவது எளிது, ஆனால் போதாது. வடமாநிலத் தொழிலாளர்களைப் பொறுத்தவரை மேஸ்திரிதான் நம் கண்ணில் படுபவர். ஒருவனுக்குக் காய்ச்சல் என்று வெளியே தெரிந்தால் வேலை நின்றுவிடுமே என்ற கவலையும் அவருக்கே முதலில் வரும். ஆகவே அவர்கள் தங்கும் கொட்டகையில் எல்லோருக்கும் சமைத்துப் போடும் ஆளுடைய எண்ணையும் கேட்டு வாங்குங்கள். யார் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை என்பது அவருக்குத்தான் தெரியும். ஜமாஅத் நிர்வாகியோடு மதரசாவில் பாடம் நடத்தும் பெண் ஒருவரையும், நெசவாளர் தெருவில் சங்கத் தலைவரோடு சுய உதவிக் குழுப் பெண் ஒருவரையும் அறிந்து வைத்தால், பெண்கள் ஆண்களிடம் சொல்லத் தயங்கும் செய்திகள் உங்களை வந்தடையும். மறுவாழ்வு முகாம்களுக்குப் பொருள் கொண்டு செல்வதாக இருந்தால் வருவாய்த்துறை அலுவலரிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டுவிடுவது நல்லது. வாசலில் நின்று வாதாடும் நேரத்தில் யாருக்கும் பயனில்லை.

செய்தி சொல்லும் வேலையைத்தான் பலரும் இலேசாக எண்ணிவிடுகிறார்கள். நோட்டீஸ் அச்சடிப்பதைக் காட்டிலும் ஒரு நிமிடத்துக்கு மேற்படாத குரல் பதிவு பயன் தரும். சௌராஷ்டிரத்துக்குத் தனி எழுத்து இருந்தும் அதைப் படிக்கத் தெரிந்தோர் குறைவு. நரிக்குறவர் பேசும் வாக்ரிபோலி பேச்சில் வாழும் மொழி. வடக்கிலிருந்து வந்தவர்கள் எல்லோருக்கும் இந்தி போதும் என்பதும் நம் வசதிக்காக நாமே கட்டிக்கொண்ட எண்ணம். ஒடிசா கிராமத்திலிருந்து வந்தவருக்கு ஒடியாவிலும், ஜார்க்கண்டின் சந்தால் இளைஞருக்குச் சந்தாலியிலும் ஒருவர் பேசினால்தான் அச்சம் விலகும். அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவரே பேச வேண்டும். அவருடைய பெயரைக் கேட்டதும் ‘நம்ம ஆள்’ என்று கேட்போர் உணர வேண்டும். பதிவில் எந்த அறிகுறி கண்டால் எங்கே போக வேண்டும், அரசு மருத்துவமனையில் பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் பணம் கேட்பார்களா, ஆலோசனைக்கு 104, ஆம்புலன்ஸுக்கு 108 ஆகிய மூன்றும் இருந்தால் போதும். அனுப்புவதற்கு முன் அதே மொழி பேசும் வேறொருவரிடம் போட்டுக் காட்டி, கேட்டதைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அவர் தடுமாறும் இடத்தைத் திருத்திவிட்டு அனுப்புங்கள்.

பழி சுமத்துவதை முளையிலேயே கிள்ள வேண்டும். 2020 மார்ச்சில் தில்லியில் நடந்த ஒரு மாநாட்டைச் சாக்கிட்டு முஸ்லிம்கள்மீது நாடெங்கும் வீசப்பட்ட சொற்களை நாம் மறந்திருக்க மாட்டோம். எந்தச் சமூகத்தையும் இடத்தையும் நோய்ப் பரவலுக்குக் காரணமாக முத்திரை குத்தாதீர்கள் என்று மத்திய சுகாதார அமைச்சகமே அப்போது அறிவுறுத்த வேண்டியிருந்தது. அவமானத்துக்கு அஞ்சுகிறவர் காய்ச்சலை மறைப்பார். மறைக்கப்பட்ட காய்ச்சல் பழி சொன்னவரின் வீட்டுக்கும் வரும். நோயுற்றவரின் பெயரையோ, தெருவையோ, மதத்தையோ வாட்ஸ்அப் குழுவில் எழுதக் கூடாது என்பதைத் தன்னார்வலருக்கான முதல் விதியாக வையுங்கள். மீறியவரைக் குழுவிலிருந்து நீக்குவதற்கும் தயங்க வேண்டாம்.

உணவுப் பொருள் கொடுக்கும்போது கேட்டுவிட்டுக் கொடுங்கள். முதல் ஊரடங்கில் வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு அரிசியும் பருப்பும் எண்ணெயும் வழங்கப்பட்டன. ஆனால் பீகார்க்காரர் கேட்பது கோதுமை மாவும் உருளைக்கிழங்கும் கடுகெண்ணெயும். சமைக்க அடுப்பில்லாதவரிடம் அரிசி மூட்டையைக் கொடுப்பதைவிட அருகிலுள்ள அம்மா உணவகத்தின் வழியைக் காட்டுவது மேல். 2020 அக்டோபரில் தமிழ்நாடு ‘ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு’ திட்டத்தில் இணைந்துவிட்டதால், சொந்த ஊர்க் குடும்ப அட்டையில் பெயருள்ள தொழிலாளர் இங்குள்ள கடையிலும் மத்திய அரசின் ஒதுக்கீட்டுப் பொருளைக் கேட்கலாம். ஆதார் இணைந்திருக்கிறதா என்பதை அமைதியான நாட்களிலேயே பார்த்துக் கொடுங்கள்.

மருத்துவமனைக்குச் செல்பவரிடம் மொழி தெரிந்த ஒருவருடைய எண்ணைத் தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். வார்டுக்குள் துணைக்கு ஆள் அனுமதிக்கப்படாத நாட்களில் மருத்துவரும் நோயாளியும் அந்த எண்ணின் வழியாகத்தான் பேசிக்கொள்ள முடியும். மறக்காமல் சார்ஜரும் கொடுத்தனுப்புங்கள்.

மரணம் நேரும்போதுதான் உண்மையான சோதனை. சுகாதார அமைச்சகத்தின் 2020 வழிகாட்டுதல் அடக்கம், தகனம் இரண்டையும் அனுமதித்தது. உடலைத் தொடாமல் செய்யும் சடங்குகள், அதாவது மறைநூல் ஓதுவதும் புனித நீர் தெளிப்பதும் கூடும் என்றும், குளிப்பாட்டுவதும் முத்தமிடுவதும் கூடாது என்றும் சொன்னது. இந்த எல்லை எதுவரை என்பதை இமாமிடமும் பங்குத்தந்தையிடமும் சமூகப் பெரியவர்களிடமும் முன்பே பேசி, அதற்குள் எந்தெந்தச் சடங்கைக் காப்பாற்றலாம் என்று அவர்களையே முடிவு செய்ய விடுங்கள். துக்க வீட்டில் நின்றுகொண்டு விதிமுறை படிப்பது கொடுமை. அடக்கத்துக்கு அக்கம்பக்கத்தார் எதிர்ப்புத் தெரிவித்தால், 2020 ஏப்ரலில் கொண்டுவந்த அவசரச் சட்டத்தில் தமிழக அரசு இத்தகைய தடுப்புக்கு மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை விதித்ததை நினைவூட்டி, உடனே காவல் துறையை அழையுங்கள். வெளிமாநிலத் தொழிலாளி இறந்தால் ஊரிலுள்ள குடும்பத்துக்கு வீடியோ அழைப்பில் முகத்தைக் காட்டவும், சான்றிதழ்களை அனுப்பவும் ஒருவரைத் தனியே நியமிப்பது அவசியம்.

திருவிழாக்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அழகர் ஆற்றில் இறங்காத சித்திரையைக் கண்ட ஊருக்கு, நோன்புக் கஞ்சியைப் பள்ளிவாசலில் கூடிக் குடிக்காமல் வீட்டுக்கு வாங்கிச் செல்வதன் நியாயத்தை யாரும் விளக்க வேண்டாம். கட்டுப்பாடு எல்லா மதத்துக்கும் ஒரே அளவில் இருக்கிறதா என்பதை மட்டும் கவனியுங்கள்.

தடுப்பூசி வரும் காலத்தில் அடையாள அட்டை பெரிய முட்டுக்கட்டையாகும். 2021 மே மாதத்தில் மத்திய அரசு, அட்டை எதுவும் இல்லாத நாடோடிகள், பிச்சை எடுப்போர், முதியோர் இல்லவாசிகள் முதலியோருக்கும் ஊசி போட நடைமுறை வகுத்தது. அத்தகைய ஏற்பாடு இருக்கிறதா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு, சிறப்பு முகாமைக் குடியிருப்புக்கே வரவழைக்க முயலுங்கள். நாட்கூலியைக் கெடுக்காத மாலை நேரமே அதற்கு ஏற்றது. முதல் ஊசி போட்டபின் ஊருக்குத் திரும்பும் தொழிலாளர், பதிவு செய்த அதே கைபேசி எண்ணையும் அட்டையையும் காட்டினால் இரண்டாம் ஊசியை நாட்டின் எந்த மையத்திலும் போட்டுக்கொள்ளும் வசதி அப்போது இருந்தது. பதிவு பெரும்பாலும் மேஸ்திரியின் எண்ணில் நடந்திருக்கும். ஆகவே தொழிலாளர் ரயில் ஏறுவதற்கு முன் எந்த எண், எந்த அட்டை, அடுத்த தேதி எது என்பதை ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்து அனுப்புங்கள்.