முதலில் பதினொரு பேரும் வரட்டும்: தோற்றுப் பழகிய கல்லூரி கால்பந்து அணியை எடுத்து நடத்துவது எப்படி

2018 ஜூனில் கன்னியாகுமரி மாவட்டம் விளவங்கோடு தாலுகாவில் ஒரு கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராகச் சேர்ந்தேன். அறை அலமாரியில் பழைய பதிவேடு ஒன்று கிடந்தது. நான்கு வருடமாகக் கால்பந்து அணி முதல் சுற்றைத் தாண்டவில்லை. கடைசி ஆட்டம் 0-6. அதன் பக்கத்தில் பென்சிலால் 'ஒன்பது பேர்' என்று எழுதியிருந்தது. ஏழு பேர் இருந்தால் ஆட்டத்தைத் தொடங்கலாம் என்கிறது விதி. அதனால் ஆடியிருக்கிறார்கள். ஸ்கோரைவிட அந்தப் பென்சில் எழுத்துதான் எனக்கு விஷயத்தைச் சொன்னது.

தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை எல்லாம் எங்களுக்குப் பக்கத்து ஊர்கள். நீரோடியைத் தாண்டினால், மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராபிக்கு வரிசையாக ஆட்டக்காரர்களைக் கொடுத்த கேரளத்துப் பொழியூர். இங்கே ஒரு கல்லூரியில் பந்து தட்டத் தெரிந்த பையன்கள் இல்லாமல் போக வழியே இல்லை. ஆடத் தெரிந்தும் தோற்கிறார்கள் என்றால், ஒரே பதினொரு பேர் ஒரே மைதானத்தில் தொடர்ந்து ஒரு மாதம் நின்றதே இல்லை என்று அர்த்தம். இப்படி ஒரு அணியைக் கையில் எடுக்கப்போகிறவர்கள் அங்கிருந்து தொடங்குங்கள். ஃபார்மேஷன் எல்லாம் அப்புறம்.

முதல் இரண்டு வாரம் பயிற்சியே வேண்டாம். ஒரு நோட்டு வாங்கி, பையனுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். எந்த ஊர், எந்த பஸ்ஸில் வருகிறான், கடைசி பஸ் எத்தனை மணிக்கு, வீட்டில் யார் சம்பாதிக்கிறார்கள், விடியற்காலை என்ன வேலை செய்கிறான், சனி ஞாயிறு எங்கே ஆடுகிறான். ஆட்டத்தைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காதீர்கள். என் நோட்டில் 26 பெயர்கள் சேர்ந்தன. பதினொரு பேர் கடற்கரை. ஒன்பது பேர் குலசேகரம், அருமனை, கடையாலுமூடு பக்கத்து ரப்பர் பிரதேசம். மற்றவர்கள் மார்த்தாண்டத்தைச் சுற்றியும் களியக்காவிளைக்கு அந்தப் பக்கமும்.

நோட்டு நிறைந்ததும் பாதி கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. அதுவரை பயிற்சி காலை ஆறு மணிக்கு நடந்துகொண்டிருந்தது. ரப்பர் பக்கத்துப் பையன்கள் அந்த நேரத்தில் பாலுக்காக மரப்பட்டையை வெட்டிக்கொண்டிருப்பார்கள். வெயில் ஏறுவதற்குள் வெட்டினால்தான் பால் நன்றாக இறங்கும். பிறகு பாலை எடுத்து, உறைய வைத்து, ஷீட் அடிக்க வேண்டும். அவர்களைத்தான் 'சோம்பேறிகள்' என்று பெயரெழுதி வைத்திருந்தார்கள். எனக்கு அது மிகவும் வருத்தமாக இருந்தது. நான்கு மணிக்கு எழுந்து ஹெட்லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போகிற பையனைச் சோம்பேறி என்று எழுதலாமா? பயிற்சியை மாலை 3.45-லிருந்து 5.15 வரை மாற்றினேன். கடற்கரைக்குப் போகும் பஸ் 5.40-க்கு. வெள்ளிக்கிழமை லேப் முடிய நாலரை ஆகும் என்பதால் வெள்ளி விடுமுறை. இந்த ஒரு மாற்றத்திலேயே தினசரி வருகை பன்னிரண்டிலிருந்து இருபதைத் தொட்டது.

கடற்கரைப் பையன்களின் கணக்கு வேறு. எங்கள் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அந்த இரண்டு மாதம் அப்பாவும் வீட்டில் இருப்பார், பையனும் இருப்பான். ஆகஸ்டில் படகு இறங்கிவிட்டால், ஆள் குறையும் வீட்டில் பையனையும் ஏற்றிவிடுவார்கள். ஆழ்கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் கரை திரும்ப முடியாது. ஆகவே அணியின் அஸ்திவார வேலை முழுவதும் அந்த அறுபத்தொரு நாளுக்குள் நடக்க வேண்டும். பெற்றோரைப் பார்க்கப் போவதும் அப்போதுதான். உங்கள் ஊரில் அது அறுவடையாக இருக்கலாம், கல்யாண சீசனாக இருக்கலாம். எதுவானாலும் அந்த ஊரின் காலண்டரை முதலில் படியுங்கள்.

வீட்டுக்குப் போவதைத் தள்ளிப் போடாதீர்கள். நான் சேர்ந்தபோது ஒக்கிப் புயல் கடந்து ஏழு மாதம்கூட முழுதாக ஆகவில்லை. அணியில் இருவருக்கு அப்பா திரும்பி வரவில்லை. அதில் ஒருவன் எங்கள் இடதுபக்க விங்கர், அணியிலேயே வேகமான கால். பயிற்சிக்கு வருவதில்லை என்று நான் முதலில் அவன் மேல் கோபப்பட்டேன். அது நான் செய்த தவறு. வீட்டுக்குப் போனபோது அவன் அம்மா சொன்னார்: "சாரே, கரண்டு பில்லும் தங்கச்சி ஃபீஸும் அவன் செவன்ஸ் ஆடிக் கொண்டுவார பைசாலதான்." செவன்ஸ் என்றால் அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து. அன்றைக்குத் திரும்பி வந்து செவன்ஸ் ஆடக்கூடாது என்று ஒட்டியிருந்த நோட்டீஸைக் கிழித்தேன்.

செவன்ஸைத் தடை செய்ய முடியாது, செய்யவும் கூடாது. ஆனால் ஒப்பந்தம் போடலாம். மலபார் பக்கத்துப் பெரிய செவன்ஸ் சீசன் நவம்பரில் தொடங்கி மே வரை போகும். எங்கள் கல்லூரிப் போட்டிகள் அதற்கு முன்பே பெரும்பாலும் முடிந்துவிடும். மோதல் வருவது ஓணம் சமயத்து உள்ளூர் டூர்னமென்ட்டுகளில்தான். நான் கேட்டது மூன்றே மூன்று. எங்கே ஆடப் போகிறாய் என்று முன்கூட்டிச் சொல்ல வேண்டும். நம் ஆட்டத்துக்கு முந்தைய நான்கு நாள் எங்கும் ஆடக்கூடாது. அடிபட்டால் மறைக்காமல் எனக்குப் போன் செய்ய வேண்டும். பதிலுக்கு, ஓ.டி. (ஆன் டியூட்டி அனுமதி) வாங்கித் தருவது, வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போகாமல் துறைத் தலைவர்களிடம் பேசுவது, இன்டர்னல் தேர்வை மறுபடி எழுத ஏற்பாடு செய்வது என் பொறுப்பு. நீங்கள் சொன்ன பக்கத்தைக் காப்பாற்றினால்தான் பையன்கள் அவர்கள் பக்கத்தைக் காப்பாற்றுவார்கள். அந்த விங்கர் அதன் பிறகு ஒரு நாள்கூடச் சொல்லாமல் நின்றதில்லை.

பெற்றோரிடம் பேசும்போது கோப்பைகளைப் பற்றிப் பேசிப் பயனில்லை. இரவிபுத்தன்துறையில் பிறந்த மைக்கேல் சூசைராஜ் சென்னை சிட்டி கிளப்பிலிருந்து ஜாம்ஷெட்பூர், ஏ.டி.கே என்று ஐ.எஸ்.எல் (இந்தியன் சூப்பர் லீக்) வரை போனது எல்லோருக்கும் தெரியும். ஆனால் எல்லாப் பையனும் அங்கே போய்விட மாட்டான். பல்கலைக்கழக அணிச் சான்றிதழ் இருந்தால் ரயில்வே, போலீஸ், வங்கி விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு விண்ணப்பிக்கலாம் என்று நேராகச் சொல்லுங்கள். கிடைத்துவிடும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள்.

சரி, ஆள் சேர்ந்தாயிற்று. இனி மைதானம். டேப்பை எடுத்து முதலில் கோல் போஸ்ட்டை அளங்கள். அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர் இருக்க வேண்டும். எங்கள் மைதானத்தில் இருந்தது செவன்ஸுக்கு அடித்த சின்னப் போஸ்ட். அதில் பழகிய கீப்பர் வெளியூரில் போய் நிற்கும்போது, தலைக்கு மேலே போகும் பந்தெல்லாம் வெளியே போகிறது என்று விட்டுவிடுவான். அது உள்ளே விழும். நான்கு வருடமாக அவனைத் திட்டியிருக்கிறார்கள், போஸ்ட்டை யாரும் அளக்கவில்லை. பணம் கிடைத்தால் ஜெர்சிக்கு முன்னால் போஸ்ட், போஸ்ட்டுக்கு அடுத்து பந்து. நான் வந்தபோது 26 பேருக்கு மூன்று பந்து. இரண்டு பேருக்கு ஒன்றாவது இல்லாமல் கால் பழகாது.

அடுத்து, வாங்கிய கோல்களை எழுதுங்கள். முதல் சீசனில் நட்பு ஆட்டங்களையும் சேர்த்து 14 கோல் வாங்கினோம். ஒவ்வொன்றும் எப்படி வந்தது என்று குறித்ததில் ஒன்பது கோல் கார்னரிலும் ஃப்ரீ கிக்கிலும் வந்தவை. தோற்கிற அணிக்கு இது நல்ல செய்தி, ஏனென்றால் நிற்கிற பந்தைத் தடுப்பதுதான் இருப்பதிலேயே எளிதாகக் கற்றுக்கொடுக்கக்கூடியது. கிட்டத்துப் போஸ்ட்டில் ஒருவன், ஆறு யார்டு கோட்டில் உயரமான நான்கு பேர், பெனால்டி பெட்டி விளிம்பில் திரும்பி வரும் பந்துக்கு இருவர். கீப்பர் 'எனக்கு' என்று கத்தினால் மற்றவர்கள் குனிய வேண்டும். தினமும் பயிற்சி முடிவில் இருபது நிமிடம், வேறெதையும் சேர்க்காமல் இதை மட்டும் செய்தோம். அடுத்த வருடம் அப்படி வாங்கியது இரண்டே கோல்.

செவன்ஸ் காலை லெவன்ஸ் காலாக மாற்றுவதுதான் அதிக நாள் பிடித்த வேலை. இந்தப் பையன்களுக்கு முதல் டச் அருமையாக இருக்கும், மூன்று பேருக்கு நடுவில் பந்தை உருட்டி வெளியே கொண்டுவருவார்கள். ஆனால் நாங்கள் ஆடும் செவன்ஸில் ஆஃப்சைடு (எதிரணித் தடுப்பு வரிசையைத் தாண்டி நின்று பந்தை வாங்கக்கூடாது என்ற விதி) கிடையாது. அதனால் டிஃபெண்டர்கள் ஆளுக்கொரு திசையில் கோலை நோக்கி ஓடிப் பழகியிருப்பார்கள். நான்கு பேரும் சேர்ந்து ஏறி, சேர்ந்து இறங்கும் பழக்கமே இராது. நான் கடற்கரையிலிருந்து பழைய வலைக்கயிறு கொண்டுவரச் சொன்னேன். எட்டு மீட்டருக்கு ஒருவனாக நான்கு பேரை இடுப்பில் கட்டினேன். நான் பந்தை எந்தப் பக்கம் தூக்கிக்கொண்டு நடக்கிறேனோ அந்தப் பக்கம் நால்வரும் நகர வேண்டும். ஓடினால் கயிறு இழுத்து விழுந்துவிடுவார்கள், ஆகவே நடை மட்டும். பத்து நாளில் கயிற்றை அவிழ்த்தேன். ஒரு மாதத்துக்கு அவர்கள் கை அவ்வப்போது இடுப்புக்குப் போய்க்கொண்டிருந்தது.

முன்னால் ஆடுபவர்களுக்கு வேறு பாடம். மைதானத்தைச் சுண்ணாம்புத் தூளால் நீளவாக்கில் மூன்று பட்டையாகப் பிரியுங்கள். ஓரப் பட்டையில் இருப்பவன் நடுப்பட்டைக்குள் வரக்கூடாது. நடுவில் இருப்பவன் மூன்று டச்சுக்குள் பந்தை விட்டுவிட வேண்டும். முதல் வாரம் ரொம்பக் கோபப்படுவார்கள், அவர்களுடைய சந்தோஷத்தையே நாம் பிடுங்குகிற மாதிரி இருக்கும். பொறுங்கள். ஓரத்தில் ஒருவன் தனியாக நிற்பதைத் தலை நிமிர்ந்து ஒருமுறை பார்த்துவிட்டால் அப்புறம் அவர்களே பார்ப்பார்கள். தொண்ணூறு நிமிடத்துக்கான மூச்சுக்கு நீண்ட ஓட்டம் வைக்காதீர்கள். 40 மீட்டர் பாய்ச்சல், நடந்து திரும்பல், பத்து தடவை. மூன்று நிமிடம் ஓய்வு, மறுபடி ஒரு சுற்று. வாரம் இரண்டு நாள் போதும்.

ஒரு பிரச்சினையை நான் மூன்று மாதம் கவனிக்காமல் விட்டேன். ஒரு நட்பு ஆட்டத்தில் யார் யாருக்குப் பாஸ் போடுகிறார்கள் என்று கோடு போட்டு எண்ணினேன். கடற்கரைப் பையன்கள் தங்களுக்குள், மலைப்பக்கத்துப் பையன்கள் தங்களுக்குள். எங்கள் லெஃப்ட் பேக், அதாவது இடதுபக்க டிஃபெண்டர், கடையாலுமூட்டுக்காரன். முன்னால் இருந்தது அந்தத் தூத்தூர்ப் பக்கத்து விங்கர். பாதி ஆட்டத்தில் இவனிடமிருந்து அவனுக்கு ஒரே ஒரு பாஸ். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை, பழகாததுதான் காரணம். மறுநாளிலிருந்து ஜோடிப் பயிற்சி எல்லாமே ஒரு கடல், ஒரு மலை. மைதானத்தில் கத்தும் வார்த்தைகளையும் பொதுவாக்கினோம். பின்னால் எதிரி வந்தால் 'ஆளுண்டு'. வரவில்லை என்றால் 'சமயம்'. லைன் மேலே போக 'ஏறு', கீழே வர 'இறங்கு'. எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எல்லோருக்கும் புரிகிற சொற்கள்.

சாப்பாடு பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. பயிற்சி முடிந்ததும் பழைய மாணவர்கள் உதவியில் அவித்த பயறும் ஒரு முட்டையும் கொடுத்தோம். வருகை கூடியதற்கு அதுவும் ஒரு காரணம்.

அடிபட்டால் மட்டும் கண்டிப்பாக இருங்கள். கணுக்கால் பிசகினால் நேரே வர்ம ஆசானிடம் போவது எங்கள் ஊர் வழக்கம். ஆசான்கள் மேல் எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் முதல் இரண்டு நாள் எண்ணெய் போட்டு உருவ விடாதீர்கள், வீக்கம் கூடிவிடும். ஐஸ், கட்டு, காலை உயர்த்தி வைத்தல். ஊன்றி நான்கு அடி நடக்க முடியவில்லை என்றால் அன்றைக்கே எக்ஸ்ரே.

2018-ல் முதல் சுற்றிலேயே 1-2 என்று தோற்றோம், ஆனால் பதினெட்டுப் பேர் போயிருந்தோம். 2019-ல் கால் இறுதி. அங்கே ஒரு பெரிய பாடம் கிடைத்தது. லெஃப்ட் பேக்கின் தகுதிப் படிவத்தில் ஒரு கையெழுத்து விட்டுப்போயிருந்தது. அதைச் சரிபார்க்க வேண்டியவன் நான். அவன் ஆட்டம் முழுவதும் பூட்ஸைப் போட்டபடி வெளியே உட்கார்ந்திருந்தான். 0-1. கொரோனாவுக்குப் பிறகு 2022-ல் இறுதி ஆட்டம் வரை போனோம். அவன் அதற்குள் படிப்பை முடித்துப் போய்விட்டான்.

ஆகவே வெளியூர்ப் போட்டிக்கு இப்படிப் போங்கள். திருநெல்வேலிப் பக்கம் என்றால் முந்தின நாளே கிளம்பிவிடுங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டியதும் வெயிலே வேறு. எங்கள் பச்சையில் ஆடிப் பழகிய கால்கள் பாளையங்கோட்டை வெயிலில் இரண்டாம் பாதியில் இழுத்துக்கொள்ளும். முந்தின நாள் மாலையிலிருந்தே தண்ணீர் குடிக்க வையுங்கள். இடைவேளைக்கு உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரும், ஊரிலிருந்து சீப்புச் சீப்பாகக் கொண்டுபோகும் மட்டி வாழைப்பழமும் போதும். கிளம்பும் நாள் காலையில் பஸ் வாசலில் நின்றுகொண்டு, கையில் ஃபைலை விரித்து, நான் இரண்டு முறை எண்ணுகிறேன். அடையாள அட்டை பதினெட்டு. தகுதிப் படிவம், எல்லாக் கையெழுத்தோடும், பதினெட்டு. ஆள் பதினெட்டு.