சொங்காக் கட்டையும் புளியங்கொட்டையும் போதும்

வீட்ல பழைய சொங்காக் கட்டை (நம்ம பல்லாங்குழி மாதிரியே தான்) சும்மா கிடந்தா தூசி தட்டி எடுங்க, பிள்ளைங்களுக்கு பருவநிலை மாற்றத்த புரிய வைக்க அத விட நல்ல சாமான் கிடையாது.

ஓரத்துல இருக்குற பெரிய குழி தான் காத்து. முதல்ல அதுல 28 புளியங்கொட்டை போடுங்க, ஒரு கொட்டைன்னா 10 பிபிஎம் (பத்து லட்சத்துல பத்து பங்கு) கார்பன் டை ஆக்சைடுன்னு கணக்கு, சூட்ட பிடிச்சு வைக்கிற வாயு அது தான், ஏன்னா தொழிற்சாலைங்க வர்றதுக்கு முன்ன காத்துல சுமார் 280 பிபிஎம் தான் இருந்துச்சு. சின்ன குழிங்கள்ல ஒன்ன காடுன்னும் இன்னொன்ன கடல்னும் வச்சுக்குங்க. இப்ப ஒவ்வொரு சுத்துக்கும் காரு, கரண்டு, ஏர்கான்னு 4 கொட்டை எடுத்து ஒன்னு காட்டுக்குழிக்கு, ஒன்னு கடல்குழிக்கு, மிச்சம் ரெண்டும் காத்துக்குழிக்கு. நெசத்துலயும் ஏறக்குறைய பாதி காத்துலயே தான் தங்கிடுது. 7 சுத்துல 42 ஆயிடும், இன்னைக்கு நெலம அத கூட தாண்டிடுச்சு.

அப்புறம் தான் முக்கியமான கட்டம், சுத்துக்கு 2 கொட்டைன்னு குறைக்க சொல்லுங்க. பினாங்குல எங்க ஃப்ளாட்டுல ஒரு சனிக்கிழம சாயங்காலம் வெளயாடுனப்ப பத்து வயசு பொண்ணு ஒன்னு குழிய எட்டி பாத்துட்டு "குறைச்சும் ஏறிக்கிட்டே இருக்கே ஆண்ட்டி"ன்னுச்சு, இத நான் ஒரு மணி நேரம் பேசியும் வெளங்க வச்சிருக்க முடியாது! விடைய உடனே சொல்லிடாதீங்க, காட்டுக்குழிய பெருசாக்கலாமா, கொட்டையே போடாம இருக்கலாமான்னு அவங்களே சண்ட போடட்டும்.

பக்கத்துல பாட்டி தாத்தா இருந்தா 2017 நவம்பர் வெள்ளத்தப்ப இங்க தண்ணி எவ்ளோ உயரம் ஏறுச்சுன்னு சொல்ல சொல்லுங்க, ஒரு டிகிரி சூடு கூடுனா காத்து சுமார் 7 சதவீதம் கூடுதலா ஈரத்த தாங்கும், அதான் மழையும் பலமா கொட்டுதுன்னு அந்த நேரத்துல சொன்னா மண்டைல சட்டுனு ஏறும். ரொம்ப சின்ன பிள்ளைங்க இருந்தா மட்டும் கொட்டைய வாய்ல போட்டுக்காம பாத்துக்குங்க.