சிறைச் செய்தியாளர்கள் சறுக்கும் இடங்கள்

'கைதானவர் நீதிமன்றத்தில் ஆஜர்படுத்தப்பட்டு புழல் சிறையில் அடைக்கப்பட்டார்.' குற்றச் செய்திகள் பெரும்பாலும் இந்த வரியோடு முடிந்துவிடும். சிறை, நீதிமன்றம் பக்கம் நிரந்தரமாக எழுத வருகிற செய்தியாளருக்கு வேலை இங்கேதான் ஆரம்பிக்கிறது. ஆனால் பலர் காவல் நிலையத்தில் பழகிய கையோடு வருவதால், அங்கிருந்த தவறுகளும் கூடவே வந்துவிடுகின்றன.

முதல் தவறு, போலீஸ் தரும் பத்திரிகைக் குறிப்பைச் செய்தியாக்குவது. 'கொன்றது ஏன்? பரபரப்பு வாக்குமூலம்' என்று தலைப்பு போடுகிறோம். போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிரான சாட்சியமாக நீதிமன்றம் ஏற்காது. பழைய சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவு சொன்னது இது. இப்போதைய பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 23ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. நீதிபதி நம்பக் கூடாது என்று சட்டம் சொல்வதை, வாசகரை மட்டும் நம்பச் சொல்கிறோம்.

இதே ரகம்தான் 'தப்பி ஓடும்போது வழுக்கி விழுந்து கை முறிந்தது.' மாவுக்கட்டுப் படத்தைப் போட்டுச் சிரித்து முடித்துவிடுகிறார்கள். கேட்க வேண்டியது ரிமாண்ட் அறிக்கையை, மருத்துவர் கொடுத்த உடல்தகுதிச் சான்றிதழை. சிறைக்குள் ஆளைச் சேர்க்கும்போது உடம்பில் உள்ள காயங்களைக் குறிக்கும் பதிவேட்டில் என்ன இருக்கிறது என்பதையும் விசாரிக்க வேண்டும். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் போலீஸ் பிடித்துச் சென்ற தந்தை ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் தரையில் உருண்டு புரண்டதில் காயம்பட்டதாக முதல் தகவல் அறிக்கை சொன்னது. கோவில்பட்டி கிளைச் சிறைக்கு அனுப்பப்பட்ட இருவரும் சில நாட்களில் அடுத்தடுத்து இறந்தார்கள். அந்த அறிக்கையை மட்டும் வைத்து எழுதியிருந்தால், செய்தி ஊரடங்கை மீறிய இரண்டு வியாபாரிகளோடு நின்றிருக்கும்.

சட்ட விவரத்தில் கோட்டை விடுவது அடுத்தது. 'குண்டர் சட்டத்தில் கைது' என்று தினமும் படிக்கிறோம். பெரும்பாலும் அந்த ஆள் ஏற்கெனவே வேறு வழக்கில் சிறையில் இருப்பார். மாவட்ட ஆட்சியரோ மாநகர போலீஸ் கமிஷனரோ போட்ட தடுப்புக் காவல் உத்தரவைச் சிறையிலேயே அவர் கையில் கொடுப்பார்கள். அது தண்டனை அல்ல. 1982ஆம் ஆண்டின் அந்தத் தமிழ்நாட்டுச் சட்டப்படி விசாரணையே இல்லாமல் 12 மாதம் வரை வைக்கலாம். அந்த உத்தரவை உயர் நீதிமன்றம் ரத்து செய்வதும் அடிக்கடி நடக்கிறது. போட்ட அன்று பெரிய செய்தி, ரத்தான அன்று ஒரு வரிகூட இல்லை என்றால், அந்த ஆள் ஊராரின் மனதில் குண்டராகவே இருப்பார்.

ஆயுள் தண்டனை என்றால் 14 ஆண்டு என்று எழுதுவதும் இந்த வகைதான். ஆயுள் என்றால் ஆயுள் முழுக்க. மரண தண்டனையும் விதிக்கத்தக்க குற்றங்களில், தண்டனைக் குறைப்பு கொடுத்து விடுவிக்கக் குறைந்தபட்சம் 14 ஆண்டு கழிந்திருக்க வேண்டும் என்பதுதான் சட்டம். பேரறிவாளன் 31 ஆண்டுகளுக்குப் பிறகு, 2022 மே 18 அன்றுதான் உச்ச நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டார்.

கைதியிடம் பேசுவதில்தான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். உறவினர் என்று சொல்லி 'மனு பார்க்க', அதாவது மனு கொடுத்துக் கைதியைச் சந்திக்க, உள்ளே போவதைச் சிலர் சாகசமாக நினைக்கிறார்கள். மாட்டிக்கொண்டால் நமக்கு ஒரு வழக்கு; உள்ளே இருப்பவருக்கோ மனு ரத்து, பிளாக் மாற்றம், அதற்கு மேலும். முறையான வழி இருக்கிறது. டெல்லி கொலை வழக்கில் தூக்குக்குக் காத்திருந்த ரங்கா, பில்லாவைச் சந்திக்க பத்திரிகையாளர் பிரபா தத் உச்ச நீதிமன்றம் வரை போய் அனுமதி வாங்கினார். மும்பையில் பத்திரிகையாளர் ஷீலா பார்சே 15 பெண் கைதிகளிடம் பேசினார். போலீஸ் லாக்கப்பில் அடிபட்டதாக ஐந்து பேர் சொன்னார்கள். அவர் எழுதிய கடிதமே வழக்காகி, பெண்களைத் தனி லாக்கப்பில், பெண் காவலர்களின் பாதுகாப்பில் வைக்க வேண்டும் என்ற 1983 தீர்ப்பு வந்தது.

அனுமதி கிடைத்தாலும் பக்கத்தில் வார்டர் நிற்பார் என்பதை மறக்கக் கூடாது. அவர் முன்னால் 'சாப்பாடு எப்படி?' என்று கேட்டால் 'நல்லா இருக்கு' என்பதைத் தவிர வேறு என்ன பதில் வரும்? வெளியே வந்தவர்களிடம் கேளுங்கள். காலையிலேயே வந்து வாசலில் காத்திருக்கும் மனைவி, தாயிடம் கேளுங்கள். கேன்டீன் கணக்கில் எவ்வளவு கட்டுகிறார்கள், மருந்து உள்ளே போகிறதா, வக்கீல் கடைசியாக எப்போது வந்தார் என்று அவர்களுக்குத் தெரியும். பெயரை மாற்றினால் மட்டும் போதாது. வழக்கு, ஊர், பிளாக் மூன்றையும் எழுதினால் சிறைக்காரர்கள் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இன்னொரு சறுக்கல், பிரபலங்களின் பின்னாலேயே ஓடுவது. சிறையில் யாருக்கு முதல் வகுப்பு வசதி, வீட்டுச் சாப்பாடு உண்டா என்று பக்கம் பக்கமாக வருகிறது. 2022 முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 479ஆம் பிரிவின்படி, மரணமோ ஆயுளோ விதிக்கத்தக்க குற்றங்கள் தவிர மற்றவற்றில், முதல் முறை சிக்கியவர் உச்சபட்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை உள்ளேயே கழித்துவிட்டால் பிணையில் விட வேண்டும். நிலுவையில் வேறு வழக்கு இருக்கக் கூடாது. இதற்கு நீதிமன்றத்தில் விண்ணப்பிப்பது சிறைக் கண்காணிப்பாளரின் கடமை. உங்கள் மாவட்டச் சிறையிலிருந்து இப்படி எத்தனை விண்ணப்பம் போனது என்று ஆர்.டி.ஐ.யில் கேட்டுப் பாருங்கள். நடிகரின் சாப்பாட்டைவிட நல்ல செய்தி கிடைக்கும்.

எழுதியதோடு விட்டுவிடுவதும் தவறுதான். சிறைக்குள் சாதி பார்த்து வேலை கொடுப்பதை பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா 2020இல் எழுதினார். பிறகு அவரே வழக்கும் போட்டார். 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் அத்தகைய விதிகளை ரத்து செய்தது. பதிவேடுகளில் உள்ள சாதிப் பத்தியை நீக்கவும், மூன்று மாதத்தில் சிறை விதிகளைத் திருத்தவும் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. மோதலைத் தவிர்க்க என்று சொல்லி பாளையங்கோட்டைச் சிறையில் சாதிவாரியாகப் பிரித்து அடைத்ததை முன்பு சென்னை உயர் நீதிமன்றம் ஏற்றிருந்தது. அந்த நிலைப்பாட்டையும் இந்தத் தீர்ப்பு நிராகரித்தது. இப்போது பாளையில் எந்த பிளாக்கில் யார் இருக்கிறார்கள், துப்புரவு வேலை யாருக்குப் போகிறது என்பதை அங்கிருந்து வெளியே வருகிறவர்களிடம் விசாரித்து எழுத ஆள் வேண்டும்.