ஐஸ் வைக்காதீர்கள்: ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் வேலை செய்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட்

ஸ்டென்ட் வைத்தவர்களுக்குக் கொடுக்கும் மாத்திரை பிளேட்லெட்டுகளை (ரத்தம் உறைய உதவும் அணுக்கள்) ஒட்டவிடாமல் தடுக்கிறதா என்று பார்க்க அக்ரிகோமெட்ரி என்ற டெஸ்ட் எழுதி வரும். ஈரோட்டில் எங்கள் லேபுக்குப் புதிதாக வந்த பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததையே இங்கே எழுதுகிறேன். ஊசி போடுவது உங்களுக்கே தெரியும்.

முதலில் மாத்திரை விவரம். "வேற மாத்திரை சாப்பிடறீங்களா" என்றால் "இல்லீங்க" என்றுதான் பதில் வரும். "முழங்கால் வலிக்கு மெடிக்கல்ல என்னங்க வாங்குனீங்க" என்று கேளுங்கள். அந்தியூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் அப்படிக் கேட்ட பிறகுதான் சட்டைப் பையிலிருந்து பாதி தீர்ந்த ஐபுப்ரோஃபென் அட்டையை எடுத்தார். ஆஸ்பிரின் போய் உட்கார வேண்டிய இடத்தை ஐபுப்ரோஃபென் முன்னாலேயே பிடித்துக்கொள்ளும், அதைக் கட்டாயம் குறித்து டாக்டருக்குச் சொல்லுங்கள்.

ரத்தம் 3.2 சதவீத சிட்ரேட் டியூபில், கோடு வரை. மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள், குலுக்க வேண்டாம்.

அடுத்தது நான் இடறிய இடம். கோபியிலிருந்து ஒரு சாம்பிள் வந்தது, கிராஃப் கோணல்மாணலாக இருந்தது, ரீஏஜென்டை மாற்றினேன், மெஷினைத் திரும்ப செட் செய்தேன், ஒன்றும் சரியாகவில்லை. கடைசியில் கொண்டுவந்த பையனிடம் கேட்டால், கெட்டுப்போகக் கூடாதென்று ஐஸ் பெட்டியில் வைத்தேன் என்கிறான். குளிர் பட்டால் பிளேட்லெட் தட்டை வடிவம் போய் உருண்டுவிடும், தானாகவே கிளர்ந்துவிடும். நல்ல பிளாஸ்மாவை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து லேசாகச் சுழற்றினால் உள்ளே பட்டுத்துணி மாதிரி மினுமினுப்பு ஓடும். அன்றைக்கு வந்ததில் வெறும் கலங்கல்தான். மறுநாள் அதே நோயாளியிடம் ரத்தம் எடுத்து அறை வெப்பத்தில் கொண்டுவரச் சொன்னோம், கிராஃப் கோடு சுத்தமாக வந்தது.

சுழற்றுவது: 200 ஜி, 10 நிமிடம், பிரேக் போடாமல். ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) வேறு, ஜி (சுழற்சி விசை) வேறு, உங்கள் ரோட்டருக்குக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மேலே பிரியும் மஞ்சளை, அதாவது பிளேட்லெட் உள்ள பிளாஸ்மாவை, பிளாஸ்டிக் பிப்பெட்டில் எடுத்துவிட்டு, மீதியை 1500 ஜியில் 15 நிமிடம் சுற்றுங்கள். மெஷினில் ஒளி ஊடுருவும் அளவுக்கு முதலில் எடுத்த பிளாஸ்மா பூஜ்யம், இரண்டாவது சுற்றில் தெளிந்தது நூறு. பிறகு முதலில் எடுத்த பிளாஸ்மாவில், பிளேட்லெட்டை ஒட்டத் தூண்டும் ரீஏஜென்டை 37 டிகிரியில் சேருங்கள்: ஆஸ்பிரினுக்கு அராகிடோனிக் ஆசிட், குளோபிடோக்ரெலுக்கு ஏடிபி. மாத்திரை வேலை செய்தால் கோடு பெரிதாக ஏறாது. ரத்தம் எடுத்த 4 மணி நேரத்துக்குள் எல்லாம் முடிய வேண்டும்.

சின்ன லேப் என்றால் வெரிஃபைநவ் என்ற சின்ன மெஷின் போதும் என்பேன், முழு ரத்தத்திலேயே சில நிமிடங்களில் எண் வந்துவிடும். குளோபிடோக்ரெலுக்கு அது தரும் எண்ணான பிஆர்யு 208க்கு மேல் போனால் மருந்து சரியாகப் பிடிக்கவில்லை என்று எடுத்துக்கொள்கிறார்கள். கற்றுக்கொள்ள மட்டும் பழைய முறைதான் நல்லது, தப்பு எங்கே என்று கண்ணில் தெரியும்.

பிற்சேர்க்கை: எண் அதிகமாக இருந்தால் மாத்திரையைக் கூட்டச் சொல்லலாமா என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். கூடாது. டெஸ்ட்டைப் பார்த்து மருந்தை மாற்றியதால் பலன் கூடவில்லை என்று 2012இல் வந்த ஆர்க்டிக் (ARCTIC) என்ற மருத்துவ ஆய்வு சொன்னது. ரிசல்ட் டாக்டருக்குப் போகட்டும். ஒரு வேளை மாத்திரையைக்கூட நிறுத்தும்படி நாம் சொல்லிவிடக் கூடாது, ஸ்டென்ட் அடைத்துக்கொண்டால் உயிரே போய்விடும்.

சித்திரை வெயிலில் பஸ்ஸில் எப்படி அனுப்புவது என்றும் ஒரு கேள்வி. ஐஸ் இல்லாத தெர்மோகோல் பெட்டி, சுற்றிலும் உலர்ந்த துணி, டியூப் நிமிர்ந்தபடி. டிரைவர் பக்கத்து இன்ஜின் பெட்டி மேல் மட்டும் வைக்க விடாதீர்கள்.