காக்கை உட்கார்ந்த கதைகள்: கொள்ளைநோய்க் காலத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் பக்கம், அதாவது பள்ளிப்பட்டு, நகரி, புத்தூர் வட்டாரத்தில், ஒரு குடும்பம் என்றால் பாதிப் பேர் தமிழ்நாட்டில் இருப்பார்கள், பாதிப் பேர் ஆந்திராவில் இருப்பார்கள். அதனால் 2020-ல் கொரோனா வந்தபோது எங்களுக்கு வதந்தியும் இரண்டு மொழியில் வந்தது. காலையில் தமிழில் வந்த கஷாயம் மத்தியானம் தெலுங்கில் வேறு அளவோடு வரும். இரண்டு பக்கமும் சொல்கிறார்களே, அப்போ உண்மையாகத்தான் இருக்கும் என்று நம்பியவர்களில் நானும் ஒருத்தன். ஒரே பொய் வேட்டி மாற்றிக்கொண்டு வந்தால் இரண்டு சாட்சி ஆகிவிடாது என்று புரியக் கொஞ்ச நாள் பிடித்தது.

அந்த ஏப்ரலில் சித்தூர் மாவட்டம் பைரெட்டிப்பள்ளி மண்டலத்தில் ஒரு கிராமத்துக்காரர்கள் டிக்டாக்கில் வந்ததைப் பார்த்து ஊமத்தை விதையைச் சாப்பிட்டு ஆஸ்பத்திரியில் சேர வேண்டியதாயிற்று. ஊமத்தங்காய் முள்முள்ளாக உருண்டையாக இருக்கும், டிவியில் காட்டிய கொரோனா படமும் அப்படித்தான் இருந்தது. நோய் மாதிரியே இருப்பது நோய்க்கு மருந்து என்று யாரோ முடிச்சுப் போட்டுவிட்டார்கள். ஊமத்தை விஷம் என்பது எங்கள் ஊரில் ஆடு மேய்க்கும் பையனுக்கும் தெரியும். தெரிந்தவர்களையே சாப்பிட வைத்தது பயம், அதனால் அவர்களை முட்டாள்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இதைவிடப் பெரிய தவறு, குணமானவர்களைக் காட்டி மருந்தை நம்புவது. எங்கள் மண்ணுக்கு நாட்டு வைத்தியத்தின்மேல் நம்பிக்கை அதிகம், புத்தூர் கட்டு எங்கிருந்தெல்லாமோ ஆட்களை வரவைக்கிறது, சின்ன வயதில் நானும் கையை உடைத்துக்கொண்டு போய்க் கட்டுப் போட்டுக்கொண்டவன்தான். ஆனால் கொரோனாவில் பெரும்பாலானவர்களுக்கு எதையும் குடிக்காமலே ஒரு வாரம் பத்து நாளில் சரியாகிவிட்டது. அப்படியென்றால் நடுவில் எதைக் குடித்திருந்தாலும், மிளகு ரசமாக இருந்தாலும் சரி, மந்திரித்த தண்ணீராக இருந்தாலும் சரி, பேர் அதற்குத்தானே போகும்? காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. குடித்தும் பிழைக்காதவர் வந்து வீடியோ போடப் போவதில்லை, அதனால் நம் காதுக்கு வருவது பிழைத்த கதை மட்டும்.

இதே காக்கை எதிர்ப்பக்கமும் உட்காரும். நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15 அன்று தடுப்பூசி போட்டுக்கொண்டார், 17-ம் தேதி மாரடைப்பில் இறந்துபோனார். அதற்கப்புறம் எங்கள் தெருவில் ஊசி என்றாலே கதவைச் சாத்தினார்கள். அந்த மரணத்துக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பில்லை என்று மத்திய அரசின் ஆய்வுக் குழு பிற்பாடு சொன்னது, ஆனால் அந்தச் செய்தியை யாரும் ஃபார்வர்ட் செய்ததாக எனக்கு நினைவில்லை. ஊசி போடாத நாட்களிலும் மாரடைப்பு வந்துகொண்டுதான் இருந்தது. லட்சக்கணக்கானவர்கள் ஊசி போடும்போது அதற்கு மறுநாள் சிலருக்கு வரத்தான் செய்யும். ஊசியால் கூடுதலாக வருகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும், அதைத் திண்ணையில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது.

2021 மே மாதம் நெல்லூர் மாவட்டம் கிருஷ்ணபட்டணத்தில், ஆனந்தய்யா என்ற நாட்டு வைத்தியர் கொரோனாவுக்குக் கொடுத்த மருந்துக்கு ஆயிரக்கணக்கில் கூட்டம் கூடியது. எங்கள் பாவா (மச்சான்) ஒருத்தர் வண்டி பேசி முன்பணமும் கொடுத்துவிட்டார். மருந்து நல்லதா கெட்டதா என்ற சண்டையை விடுங்கள். இரண்டாம் அலை உச்சத்தில், இருமுகிறவரும் மூச்சு வாங்குகிறவரும் ஒருத்தர் தோளில் ஒருத்தர் இடித்துக்கொண்டு நிற்கும் வரிசைக்கு, நோய் இல்லாதவர் எதற்குப் போக வேண்டும்? இதை அத்தை கேட்டதும்தான் வண்டி நின்றது.

வெளியே அதிகம் பேசாத தவறு ஒன்று உண்டு, அடுத்தவர் மருந்துச் சீட்டு. பக்கத்து வீட்டில் ஒருவர் பிழைத்து வந்தால் அவர் சீட்டை போட்டோ எடுத்து, மெடிக்கலில் காட்டி, அதே மாத்திரைகளை வாங்குவது. எங்கள் குடும்பத்திலேயே நடந்தது, கடைக்காரரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. அந்தச் சீட்டில் பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கும். 2020 ஜூனில் பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று, டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு உயிரைக் காப்பாற்றும் என்று காட்டியது உண்மை. யாருக்கு? ஆக்சிஜன் வைக்கும் நிலைக்குப் போனவர்களுக்கு. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதில் பலன் தெரியவில்லை. முதல் வாரத்திலேயே அதைப் போட்டால் நோயோடு மல்லுக்கட்ட வேண்டிய உடம்பின் எதிர்ப்பு அடங்கும், சர்க்கரை ஏறும். 2021-ல் கருப்புப் பூஞ்சை சர்க்கரை நோயாளிகளை அத்தனை பேராகப் பிடித்ததற்கு இந்தக் கைவைத்தியமும் ஒரு காரணம். ஒருவருக்கு ஒன்பதாம் நாள் எழுதிய சீட்டு இன்னொருவருக்கு இரண்டாம் நாள் விஷமாகலாம்.

பத்து வினாடி மூச்சை அடக்கிப் பார், முடிந்தால் நுரையீரல் நன்றாக இருக்கிறது என்று ஒரு ஆடியோ சுற்றியதே, நினைவிருக்கிறதா? வேலூரில் பெரிய டாக்டராம். குரலுக்குப் பெயர் கிடையாது. கொரோனாவில் ஆக்சிஜன் இறங்கியும் மூச்சுத் திணறல் தெரியாமல் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்தவர்கள் உண்டு, அதனால் அந்தப் பரீட்சையில் பாஸானவர் நிம்மதியாகத் தூங்கப் போவதுதான் ஆபத்து. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 94-க்குக் கீழே காட்டினால் ஆவி பிடித்துக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். நகப்பூச்சு இருந்தால் அழித்துவிட்டு மாட்டுங்கள்.

அப்புறம், "நமக்குள்ளதானே". பஸ்ஸில் மாஸ்க்கை மூக்கு வரை ஏற்றிக்கொண்டு வந்தவர், காதுகுத்து வீட்டுக்குள் நுழைந்ததும் கழற்றிப் பையில் வைப்பார். சொந்தக்காரனிடமிருந்து நோய் வராது என்று மனசு எப்படியோ கணக்குப் போடுகிறது. காய்ச்சல் தெரிவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே ஒருவரால் நோயைப் பரப்ப முடியும், அதனால் நோயைப் பரப்பும்போதும் பந்தியில் பக்கத்து இலைக்காரர் பார்க்க நன்றாகத்தான் இருப்பார்.

எல்லைக்காரர்களுக்கென்று ஒரு தவறும் இருந்தது. தமிழ்நாட்டிலிருந்து நீங்கள்தான் கொண்டுவந்தீர்கள் என்று அவர்கள் சொல்ல, ஆந்திராவிலிருந்துதான் வருகிறது என்று இவர்கள் சொல்ல, 2020 ஏப்ரல் கடைசியில் வேலூர் மாவட்ட எல்லையில் சித்தூர் போகும் சாலைகளின் குறுக்கே சுவரே எழுப்பிவிட்டார்கள். கண்டனம் வந்ததும் இடித்தார்கள். சுவர் கட்டினால் ஆள் நிற்பானா? வயல் வழியாக ராத்திரியில் வருவான். வந்தவன் காய்ச்சலைச் சொல்வானா? சொன்னால் வீட்டுக்குத் தகரம் அடிப்பார்கள், தெருவே ஒதுக்கும் என்று பாராசிட்டமால் போட்டுக்கொண்டு தறியில் உட்காருவான். வதந்தி பரப்பிய அளவுக்கு இந்த அவமானமும் நோயைப் பரப்பியது என்றே நினைக்கிறேன்.

நான் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன். பெரியப்பா போட்ட ஒரு செய்திக்குக் குடும்ப குரூப்பில் எல்லோர் முன்னாலும் "இது பொய், படித்துப் பார்த்துப் போடுங்கள்" என்று எழுதினேன். அவர் அதே செய்தியை இன்னும் நான்கு குரூப்பில் போட்டார். வாட்ஸாப்பில் பல தடவை கைமாறி இரட்டை அம்புக்குறி வந்துவிட்ட செய்தியை ஒரு தடவையில் ஒருவருக்குத்தான் அனுப்ப முடியும் என்று அந்த ஏப்ரலிலேயே கொண்டுவந்துவிட்டார்கள், மனிதர் சளைக்காமல் ஒவ்வொன்றாக அனுப்பினார். பிறகு ஒரு நாள் நேரில் போய், மன்னிப்புக் கேட்டு, "இது எங்கிருந்து வந்தது பெரியப்பா?" என்று மட்டும் கேட்டேன். தேடிப் பார்த்தோம். அவருக்கு அனுப்பியவர் வாக்கிங் நண்பர், அந்த நண்பருக்கு மருமகன், மருமகனுக்குத் தெரியாது.

இப்போது எதுவும் வந்தால் முதலில் எனக்குத் தனியாக அனுப்பி "பாருப்பா" என்கிறார். ஐந்தில் இரண்டை நிறுத்திவிடுகிறார். மீதி மூன்று போகத்தான் செய்கிறது.