ஆட்டோலிஸ்ப் பழகுகிறவர்களின் தவறுகள்: சத்தம் போடாதவை மட்டும்

ராமநாதபுரம், கீழக்கரை, தொண்டிப் பக்கம், கணினியில் வரைபடம் போடும் ஆட்டோகேட் தெரிந்த பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. வளைகுடாவுக்கு விசா வரும்வரை ஏதாவது ஒரு வரைபட ஆபீசில் கை பழகுவார்கள். அதில் கொஞ்சம் துடிப்பானவர்கள், ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்து சலித்துப்போய், அந்த வேலையை ஆட்டோகேட்டே செய்யும்படி நிரல் எழுதும் மொழியான ஆட்டோலிஸ்ப் பக்கம் வருகிறார்கள். வரட்டும். ஆனால் எங்கள் காலத்தில் நாங்கள் விழுந்த அதே குழிகளில் வரிசையாக விழுகிறார்கள், அதைத்தான் பார்க்க முடியவில்லை.

அடைப்புக்குறியை மூடாமல் விடுவது, ரேடியன் கேட்கும் இடத்தில் டிகிரி கொடுப்பது இவையெல்லாம் இங்கே கிடையாது. முதல் தடவை ஓட்டும்போதே வெளிச்சமாகிவிடும். வாயைத் திறக்காமல் கெடுப்பவை வேறு.

எந்த மொழி என்று யோசித்துக்கொண்டே இருப்பது

பைதானா, சி ஷார்ப்பா என்று மாதக்கணக்கில் விசாரிக்கிறார்கள். ஆட்டோலிஸ்ப் 1986லிருந்து ஆட்டோகேட்டுக்கு உள்ளேயே இருக்கிறது. 2024 பதிப்பிலிருந்து, வசதி குறைந்த பதிப்பான ஆட்டோகேட் எல்டியிலும் ஓடுகிறது. ஆட்டோகேட் மாதிரியே இருக்கும் பிரிக்ஸ்கேட், இசட்டபிள்யூகேட் வைத்திருக்கும் ஆபீசிலும் பெரும்பாலும் அதே நிரல் போதும். இதில் தொடங்குங்கள்.

வகுத்தல்

1ஐ 2ஆல் வகுத்தால் லிஸ்ப்பில் விடை பூஜ்ஜியம், இரண்டும் முழு எண் என்பதால் பின்னத்தை வெட்டிவிடும். 2.0 என்று எழுதுங்கள்.

ஆஸ்னாப்பை அணைக்காமல் கோடு போடுவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான். ஆஸ்னாப் என்பது, கோட்டின் முனை போன்ற இடங்களில் புள்ளியைத் தானாக ஒட்டவைக்கும் வசதி.

லிஸ்ப்பில் ‘கமாண்ட்’ என்று கொடுத்துக் கோடு போடச் சொன்னால், கட்டளை வரியில் நமக்குப் பதிலாக அதுவே தட்டச்சு செய்கிறது. சரி, எண்ணைத்தானே கொடுக்கிறோம், எண் இருக்கும் இடத்துக்குத்தானே கோடு போகும் என்று தோன்றும். நாம் கையால் தட்டினால் அப்படித்தான் போகும். நிரல் தட்டினால் அப்படி இல்லை. ஆஸ்னாப்கோஆர்ட் என்ற அமைப்பு, வழக்கமான 2இல் இருக்கும்போது, நிரலிலிருந்து வரும் புள்ளிக்கு ஆஸ்னாப்பையே மேலாக வைக்கிறது. பக்கத்தில் வேறொரு கோட்டின் முனை இருந்தால் உங்கள் புள்ளி தாவி அதில் ஒட்டிக்கொள்ளும்.

அந்தப் ‘பக்கம்’ எவ்வளவு தூரம் என்பதில்தான் வினையே. கணக்கு மீட்டரில் இல்லை, திரையின் பிக்சலில். சுமார் 2,000 பிக்சல் அகலமுள்ள திரையில் 2 கிலோமீட்டர் நிலத்தைக் காட்டினால் ஒரு பிக்சலே ஒரு மீட்டர். சில மீட்டர் தள்ளியிருக்கும் முனைகூட இழுத்துக்கொள்ளும். அதே இடத்தில் 50 மீட்டர் தெரியும்படி ஜூம் செய்தால் ஒரு பிக்சல் இரண்டரை சென்டிமீட்டர்தான். கோடு ஒழுங்காக விழும்.

வாலிநோக்கம் பக்கம் உப்பளம் ஒன்றை விரிவாக்கும் வேலையில் ஒரு தம்பி இப்படி ஒரு நிரல் எழுதினான். டோட்டல் ஸ்டேஷன் என்ற சர்வே கருவி அளந்த புள்ளிகளைப் படித்து, பாத்தி வரப்புகளையும் உப்புநீர் வாய்க்காலையும் அதுவே வரைந்துவிடும். ஒரு பாத்தியில் ஜூம் செய்து சோதித்தான், பிசகே இல்லை. பிறகு முழு உப்பளமும் தெரியும்படி வைத்து ஓட்டினான். வரப்பின் அடியிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி இருக்க வேண்டிய வாய்க்கால் விளிம்பு, பல மூலைகளில் வரப்பின் மேலேயே போய் உட்கார்ந்துவிட்டது. முழுத் தாளில் அது கண்ணுக்குத் தெரியாது. வயலில் குறியிட்டார்கள், ஜேசிபி வெட்டியது, மணல் வரப்பு சரிந்தது. ஜேசிபிக்கு மணிக்கணக்கில் வாடகை என்பது தெரியும்தானே.

அதைவிட மோசம் அப்புறம் நடந்தது. அந்த மூலையில் ஜூம் செய்து தம்பி மறுபடி ஓட்டிக் காட்டினான். கோடு சரியாக வந்தது. “அண்ணே, நிரல்ல தப்பில்ல, சர்வேலதான் தப்பு” என்றான். எல்லோரும் நம்பினார்கள். சர்வே பையன்கள் உச்சி வெயிலில் ப்ரிசம் கம்பைத் தூக்கிக்கொண்டு மறுபடி அளந்தார்கள். அவர்கள் கொண்டுவந்த எண்களில் ஒன்றும் மாறவில்லை.

வழிகள் மூன்று. நிரலின் தொடக்கத்தில், எந்தெந்த ஆஸ்னாப் போட்டிருக்கிறது என்பதை வைத்திருக்கும் ஆஸ்மோடின் மதிப்பை எடுத்து வைத்துக்கொண்டு பூஜ்ஜியமாக்கி, முடிவில் திருப்பி வைக்கலாம். நடுவில் யாராவது எஸ்கேப் அடித்தால் திருப்பி வைக்கும் வரி ஓடாது, ஆகவே நிரல் பாதியில் நின்றால் ஓடும் பிழைச் செயற்கூறிலும் அந்த வரியை எழுத வேண்டும். இதை விட்டுவிட்டு, “என் ஆஸ்னாப்ப யாருடா அணைச்சது” என்று சீனியரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர் குறைவு. இல்லையென்றால், ஒவ்வொரு புள்ளிக்கும் முன்னால் ஸ்னாப் வேண்டாம் என்று சொல்லும் ‘நன்’ சேர்க்கலாம்.

நான் சொல்வது மூன்றாவதை: கோட்டை நேராக வரைபடத்துக்குள் உருவாக்கும் என்ட்மேக் செயற்கூறு. அது கட்டளை வரிப் பக்கமே போவதில்லை. ஸ்னாப்பும் ஜூமும் அதைத் தொடாது, வேகமும் அதிகம். ஒன்றே ஒன்று, யூசிஎஸ்ஸை, அதாவது நாம் வரையும் ஆய அச்சுகளைத் திருப்பி வைத்திருந்தால் புள்ளிகளை முதலில் ‘ட்ரான்ஸ்’ வழியாக உலக ஆயத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

ஆஸ்னாப்கோஆர்டை 1 ஆக்கிவிட்டால் போதுமே என்பார்கள். உங்கள் கணினியில் போதும். நிரல் அடுத்த மேசைக்குப் போகும்போது அந்த அமைப்பு கூடவே போகாது.

மாறிக்குப் பெயர்

டிஸ்டன்ஸ், ஆங்கிள், லிஸ்ட் என்றெல்லாம் மாறிக்குப் பெயர் வைக்காதீர்கள். அவை லிஸ்ப்பின் சொந்தச் செயற்கூறுகள். நீங்கள் மதிப்பை ஏற்றியதும் அந்த வரைபடத்தை மூடும்வரை அவை செத்துப்போகும், சம்பந்தமில்லாத வேறொரு நிரல் போய் முட்டிக்கொண்டு நிற்கும்.

எண்ணில் காற்புள்ளி

நிலத்தின் இடங்களை மீட்டரில் குறிக்கும் யுடிஎம் முறையின் 44ஆம் மண்டலத்தில் நம் கடற்கரையின் வடக்கு எண் பத்து லட்சத்துக்கு மேல். அதை 10,13,500 என்று காற்புள்ளியோடு சேமித்த கோப்பை, எழுத்தை எண்ணாக மாற்றும் ‘ஏடாஃப்’ படித்தால் 10 என்று எடுத்துக்கொண்டு சும்மா இருக்கும். முதலில் காற்புள்ளியை நீக்குங்கள்.

விண்டோ தேர்வு

இதுவும் ஜூம் விவகாரம்தான். நிரலில், வரைபடத்தின் பொருள்களைத் தேர்ந்தெடுக்கும் எஸ்எஸ்கெட்டை, கட்டம் போட்டுப் பிடிக்கும் விண்டோ, கிராஸிங் முறையில் அழைத்தால் திரையில் தெரிகிறவை மட்டுமே சிக்கும். அழைப்பதற்கு முன்னால் அந்தப் பகுதிக்கு ஜூம் செய்யச் சொல்லி ஒரு வரி எழுதுங்கள். இடம் முக்கியமில்லை, லேயர்தான் முக்கியம் என்றால், எக்ஸ் முறையில் லேயர் பெயரை வடிகட்டியாகக் கொடுத்து வரைபடம் முழுவதும் தேடச் சொல்லுங்கள்.